பெருங்குடலைத் தேடிச் செல்லும் மருந்து

(மும்பை மாட்டுங்காவில் தமிழ் அன்பர்களிடையே நிகழ்த்திய உரையின் சுருக்கம்)



1933ஆம் ஆண்டில் பம்பாய்ப் பல்கலைக் கழகம் வேதியியல் தொழில்நுட்பத் துறையொன்றைத் தோற்றுவித்தது. 2008 முதல் நிகர்நிலைப் பல்கலைக் கழகமாக விளங்கும் அந்நிறுவனம் இந்த மாட்டுங்காவில்தான் இருக்கிறது. சென்னையில் பிறந்த கே. வெங்கட்டராமன் 1938இல் அதன் முதல் இந்திய இயக்குநரானார். சாய வேதியியலில் உலகப் புகழ் பெற்றவர் அவர். மருந்தைப் பற்றிப் பேச வந்தவன் சாயத்தில் தொடங்குவானேன் என்று நீங்கள் எண்ணக்கூடும். சாயத்திற்கும் நம் பொருளுக்கும் உறவு உண்டு.

துணிச் சாயங்களில் பெரும் பகுதி ‘அசோ’ சாயங்கள். இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்து நின்று, இரு மூலக்கூறுப் பகுதிகளை இணைக்கும் பிணைப்பே அசோ பிணைப்பு. 1935இல் ஜெர்மனியில் டொமாக் வெளியிட்ட ‘புரோண்டோசில்’ என்ற மருந்தும் ஒரு சிவப்புச் சாயமே. உடலுக்குள் அப்பிணைப்பு அறுந்து, சல்ஃபா மருந்து விடுபட்டு வேலை செய்கிறது என்பதை அதே ஆண்டில் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தார் கண்டறிந்தனர். ஸ்வீடனைச் சேர்ந்த நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர், மூட்டுவாத நோய்க்கென சல்ஃபா மருந்தொன்றையும் சாலிசிலிக் அமில வகையொன்றையும் இதே பிணைப்பால் இணைக்கச் செய்தார். அதுவே சல்ஃபாசலசீன். பெருங்குடல் புண் நோய்க்கும் அது நற்பயன் தருவதை அவர் கண்டார்.

காரணம் பின்னரே முழுமையாகத் துலங்கிற்று. இம்மருந்தின் பெரும் பகுதி சிறுகுடலில் உறிஞ்சப்படுவதில்லை. பெருங்குடலில் ஒரு கிராம் பொருளில் பத்தாயிரம் கோடிக்கு மேற்பட்ட நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவைதாம் பிணைப்பை அறுக்கின்றன. 1977இல் ஆக்ஸ்ஃபோர்டில் அசாத் கான், பிரிஸ், ட்ரூலவ் ஆகிய மூவரும் இரு பகுதிகளையும் தனித்தனியே நோயாளர்க்குக் கொடுத்துப் பார்த்தனர். புண்ணை ஆற்றுவது சாலிசிலிக் அமில வகைப் பகுதியே என்பது தெளிவாயிற்று. சல்ஃபாப் பகுதியோ வண்டிக்காரன் போன்றது. தலைவலி, குமட்டல் முதலிய தொல்லைகளில் பெரும்பாலானவை அவனால் வருவனவே!

அப்படியாயின் வண்டிக்காரனை இறக்கிவிட்டுச் சரக்கை மட்டும் அனுப்பலாமே? அங்கேதான் சிக்கல். சரக்கைத் தனியே விழுங்கினால் சிறுகுடலின் மேற்பகுதியிலேயே பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடும். ஆகவே உறை தேவையாயிற்று. வெறும் வயிற்றில் இரைப்பையின் பி.எச். அளவு ஏறத்தாழ 1 முதல் 2; சிறுகுடலின் கடைசியில் அது 7ஐத் தாண்டும். 7க்கு மேல் மட்டுமே கரையும் அக்ரிலிக் உறையை மாத்திரைக்கு இட்டால், மருந்து பெருங்குடலின் வாயிலில் வெளிப்படும். எளிய ஏற்பாடுதான், எனினும் எல்லோருக்கும் பொய்க்காமல் பலிப்பதில்லை. பெருங்குடலுக்குள் நுழைந்ததும் பி.எச். மீண்டும் குறைகிறது, நோயுற்ற குடலில் இன்னும் குறையக்கூடும். உறை கரையாமல் முழு மாத்திரையாகவே வெளியேறுவதும் உண்டு. நேரத்தைக் கணக்கிட்டு உறையமைப்பதும் ஒரு வழி. சிறுகுடலைக் கடக்கப் பெரும்பாலும் மூன்று, நான்கு மணி நேரமே ஆகும். ஆனால் இரைப்பையில் தங்கும் நேரம் உணவைப் பொறுத்துப் பெரிதும் மாறுபடுவதால் இக்கணக்கும் தவறிவிடுகிறது.

நுண்ணுயிர்களையே சாவியாகக் கொள்வதுதான் எனக்கு அறிவுடைய வழியாகத் தோன்றுகிறது. இதற்குரிய பொருள் நம் நாட்டிலேயே ஏராளம். கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் கோந்தை உலகில் மிகுதியாக விளைவிப்பது இந்தியா. அதிலும் முதன்மை இராஜஸ்தானத்துக்கு. அக்கோந்து நீர் பட்டதும் உப்பிக் கூழாகி, மருந்தைச் சுற்றி மதிலாக நிற்கும். நம் செரிமான நீர்கள் அதனை உடைப்பதில்லை. பெருங்குடல் நுண்ணுயிர்கள் உடைக்கும். விசாகப்பட்டினம் ஆந்திரப் பல்கலைக் கழகத்தில் கிருஷ்ணையாவும் அவருடைய குழுவினரும் 1990களின் பிற்பகுதியிலிருந்து இக்கோந்தை வைத்து விரிவான ஆய்வுகள் நடத்தினர். மாத்திரையில் சிறிதளவு கதிரியக்கப் பொருளைச் சேர்த்து, அது உடலுக்குள் செல்லும் வழியையும் படமெடுத்தனர்.

இங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள தாராவியை நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து குடியேறிய நம்மவர் பலர் அங்கே வாழ்கின்றனர். குடிநீர்க் குழாயும் சாக்கடையும் அடுத்தடுத்துச் செல்லும் சந்துகளில் அமீபா சீதபேதிக்கு இடமுண்டு. அதற்கு வழங்கும் மெட்ரோனிடசோல் மேற்குடலிலேயே ஏறத்தாழ முழுவதும் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் சேர்கிறது. குடல் சுவரில் உள்ள அமீபாவைக் கொல்கிறது. ஆனால் குடலின் உட்புறத்தில் தங்கும் நோயுருக்கள் தப்பிவிடுவதால், பின்னர் டைலாக்சனைடு போன்ற இன்னொரு மருந்தும் தரவேண்டியிருக்கிறது. பேதி நின்றதும் இரண்டாம் மருந்தை வாங்காது விடுவோர் எத்தனை பேர் என்பதைத் தாராவி மருந்துக் கடைக்காரர்களே சொல்ல முடியும். பெருங்குடலில் வெளிப்படும் மாத்திரை இக்குறையைத் தீர்க்குமா என்ற நோக்கில்தான் மெட்ரோனிடசோலும் கோந்தில் பொதியப்பட்டு ஆராயப்பட்டது. இது இன்னும் கடைத்தெருவுக்கு உரிய பண்டமாகவில்லை. நுண்ணுயிர்க்கொல்லியே தன் சாவியாகிய நுண்ணுயிர்களை ஒழித்துவிடாதா என்ற ஐயமும் நியாயமானதே. நல்ல குடிநீர் வரும்வரை எந்த மாத்திரையும் தற்காலிகக் காவலே.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இராமகிருஷ்ணாவும் பிறரும் செய்த ஆய்வு வேறுவகை. 2000ஆம் ஆண்டில் வெளியான அதில், காலரா நோயாளர்க்குத் தரும் உப்புச் சர்க்கரைக் கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் வீதம் எளிதில் செரிக்காத சோள மாச்சத்தைக் கலந்தனர். அது சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலை அடைந்து, நுண்ணுயிர்களால் கொழுப்பு அமிலங்களாக மாறி, உப்பையும் நீரையும் உடல் மீண்டும் உறிஞ்சத் துணைசெய்கிறது. பேதியின் அளவும் நாளும் குறைந்தன. உறையில்லை, இயந்திரமில்லை, மாவே மருந்தாயிற்று.

மாத்திரை உண்போர்க்கு இரண்டு செய்திகள். உறையிட்ட மாத்திரையை உடைக்கவோ, பொடித்துத் தேனில் குழைக்கவோ கூடாது. உடைத்தால் மருந்து வழியிலேயே தீர்ந்துவிடும். சல்ஃபாசலசீன் உண்போரின் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகலாம். அது சாயத்தின் நிறமே. அஞ்சி மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. இவ்விரண்டையும் மருந்துப் பெட்டிக்குள் சிறிய எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்டு வைத்தால் போதாது. மருந்தைக் கொடுப்பவர் மராத்தியிலும் தமிழிலும் இந்தியிலும் வாயால் சொல்ல வேண்டும்.