முதல் ஆட்டமும் வழி ஆட்டமும்

மொழிபெயர்ப்பைத் தொல்காப்பியர் வழிநூலின் வகைகளுள் ஒன்றாக வைத்தார். அத்தொழிலில் உழலும் எனக்கு எதனையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே வழக்கமாகிவிட்டது. அண்மையில் ‘சைலண்ட் ஹில் 2’ என்னும் வீடியோ விளையாட்டின் இரு வடிவங்களையும் ஆடி முடித்தேன். மூலத்தை ஜப்பானின் கொனாமி நிறுவனம் 2001இல் வெளியிட்டது. போலந்தின் புளூபர் டீம் அதனை 2024இல் புதுக்கியது. இரண்டாம் பாகமென்று தயங்க வேண்டாம். 1999இல் வந்த முதற்பாகத்தின் கதை இதில் தொடர்வதில்லை. ஊர் மட்டுமே அதே ஊர்.

இறந்த மனைவியிடமிருந்து கடிதம் வந்ததென்று ஜேம்ஸ் என்பவன் மூடுபனி சூழ்ந்த அவ்வூருக்கு வருகிறான். ஊரைவிட்டு வந்து கடிதங்களுக்காகக் காத்திருந்த நமக்கு அவனை ஏளனம் செய்ய மனம் வருமா? கொடிய உருவங்கள் நெருங்கும்போது அவனிடமுள்ள சிறு வானொலி கரகரக்கிறது. (வானொலிக்கு இப்படியும் ஒரு பணி!)

புதுவடிவத்தில் முகங்கள் உண்மையாகவே துயருறுகின்றன; மூலத்தில் அவை மரப்பாவை முகங்கள். ஆனால் சண்டைகள் பெருகி, கட்டடங்கள் நீண்டு, துயரம் நீர்த்துப்போகிறது. உரையாசிரியர் மூலத்தினும் மிகுதியாகப் பேசினால் நேர்வது இதுவே. புதிதாய் ஆடுவோர்க்குப் புதியதையே பரிந்துரைப்பேன். மீண்டும் ஆட நான் எடுப்பது பழையதைத்தான். எனினும், முடிவில் அக்கடிதம் வாசிக்கப்பட்டபோது, இரண்டு முறையும் ஆட்டக் கருவியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.