செத்தவர்களை நினைப்பது எப்படி?



முன்னோர்களை நினைக்கக்கூடாது என்று சுயமரியாதைக்காரர்கள் சொல்லுவதாக நம்மீது ஒரு பழி உண்டு. நாம் அப்படிச் சொல்லவில்லை. எப்படி நினைப்பது என்பதில்தான் நமக்கும் வைதிகருக்கும் வழக்கு. எள்ளும் தண்ணீரும் இறைத்து, புரோகிதருக்கு அரிசியும் காயும் அளந்துவிட்டால் கடமை தீர்ந்தது என்கிறார்கள் அவர்கள். இது சரியா என்று பார்க்கத் தூரதேசத்துச் சங்கதி ஒன்றை எடுத்துக்கொள்ளுவோம். நம் வீட்டுச் சாவென்றால் கண்ணீர் கண்ணை மறைக்கும். பிறத்தியார் வீட்டுச் சாவில் நியாயம் தெளிவாகத் தெரியும்.

பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில், கார்டிப் நகருக்கு வடக்கே செங்கெனித் என்று ஒரு சிற்றூர். நிலக்கரிச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த ஊர். 1913-ம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதி காலை எட்டு மணிக்குமேல் அந்தச் சுரங்கம் வெடித்தது. உள்ளே இருந்தவர்கள் சுமார் 950 பேர். அவர்களில் 439 பேர் மாண்டார்கள். மீட்கப் போனவர்களில் ஒருவரும் மாண்டார். ஆக 440. இவர்களில் பதினான்கு வயதுப் பையன்களும் உண்டு. 200-க்கு மேற்பட்ட பெண்கள் விதவைகளானார்கள். பிரிட்டனில் இதைவிடப் பெரிய சுரங்க விபத்து அதற்கு முன்னுமில்லை, பின்னுமில்லை.

தோழர்களே! இது யார் செயல்? நிலக்கரியிலிருந்து மீத்தேன் என்ற வாயு கசிகிறது. அதற்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை. காற்றோடு ஓர் அளவில் கலந்துவிட்டால் ஒரு சிறு பொறி போதும். முதல் வெடிப்பு, தரையிலும் சுவரிலும் படிந்த கரித்தூளைக் கிளப்பும். கிளம்பிய தூளும் தீப்பற்றி வழிநெடுக ஓடும். நெருப்புக்குத் தப்பியவனைக் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு கொல்லும். தூளை அகற்றுவது, தண்ணீர் தெளித்து நனைப்பது, காற்றை நன்றாக ஓடவிடுவது ஆகிய இவைகளே பரிகாரம். இதில் எந்தத் தெய்வத்துக்கும் வேலையில்லை.

இது கம்பெனிக்குத் தெரியாததா? அதே சுரங்கம் 1901-லும் வெடித்து 81 பேரைக் கொன்றது. தூள் அதிகம், தண்ணீர் தெளித்தது போதாது என்று அப்போதே விசாரணையில் வெளிப்பட்டது. சுரங்கத்து விசிறி யந்திரம், ஆபத்தில் காற்றை எதிர்த்திசையில் திருப்பக்கூடியதாய் இருக்கவேண்டும் என்று 1911-ல் சட்டம் வந்தது. கெடு, 1913 ஜனவரி. கம்பெனி செப்டம்பர் வரை தவணை வாங்கியது. அக்டோபரில் வெடித்தபோதும் வேலை முடிந்தபாடில்லை. பொறி எங்கிருந்து வந்தது என்று விசாரணையில் நிச்சயிக்க முடியவில்லை. மின்சார மணியின்மேல் சந்தேகம் இருந்தது. பொறி எங்கிருந்து வந்தாலென்ன? வாயுவும் தூளும் காத்துக் கிடந்தனவே!

வழக்கு நடந்தது. மானேஜர்மீது 17 குற்றச்சாட்டுகள்; கம்பெனிமீது 4. மானேஜருக்கு மொத்தம் 24 பவுன் அபராதம். முதலில் தப்பிய கம்பெனிக்கு அப்பீலில் 10 பவுன். மானேஜர் கட்டிய 24 பவுனுக்கு 480 ஷில்லிங். அதை 440 பிணத்துக்குப் பங்கிட்டுப் பாருங்கள். தலைக்கு ஒரு ஷில்லிங்குக்குக் கொஞ்சம் மேல்! ஏழையின் உயிருக்கு இதுதான் விலை.

இதைத் தலைவிதி என்று சொல்லுகிறவன் விதவைக்கு ஆறுதல் சொல்லுவதாக நினைக்கிறான். உண்மையில் அவன் கூலி வாங்காத கம்பெனி வக்கீல். விதிமேல் பழியைப் போட்டால், விசிறியை மாற்றாதவன் நிரபராதியாகிவிடுகிறான். மறுபடியும் வெடிக்கும், மறுபடியும் விதி என்போம்.

வேல்ஸிலும் கோயிலுண்டு, பாதிரியுண்டு, ஜெபமுண்டு. ஆனாலும் அறிவுள்ளவர்கள் அதோடு நிற்கவில்லை. கரித்தூளோடு கல்தூளைத் தூவினால் தீ ஓடுவது நிற்கும் என்று பரிசோதித்துக் கண்டார்கள். 1920-ல் பிரிட்டிஷ் சுரங்கங்களுக்கு அது விதியாயிற்று. தூவிய அந்தக் கல்தூள் காப்பாற்றிய உயிர்களை எந்தத் தர்ப்பணம் காப்பாற்றியிருக்கும்?

செங்கெனித் ஊரார் செத்தவர்களை மறந்தும் விடவில்லை. நூறு வருஷம் கழித்து, 2013 அக்டோபர் 14-ந் தேதி அங்கே நினைவுச் சின்னம் திறந்தார்கள். மீட்க வந்தவன் ஒரு தொழிலாளியைத் தாங்கி நிற்கும் வெண்கலச் சிலை. சுற்றிலும் செத்தவர்களின் பெயர்களைப் பதித்த சுவர். பேர் தெரியாத பிதிர்களாய் அவர்களை ஆகாயத்துக்கு அனுப்பிவிடாமல், இன்ன பேர், இன்ன ஆள் என்று பூமியிலேயே நிறுத்தி வைத்தார்கள்.

ஆகவே தோழர்களே! வேலையில் ஒருவன் செத்தான் என்று கேட்டால் அழுங்கள். அழுத பிறகு மூன்று கேள்வி கேளுங்கள். எதனால் செத்தான்? யார் தடுத்திருக்கலாம்? நாளை அதே இடத்தில் இறங்குகிறவனுக்கு என்ன காப்பு? இந்தக் கேள்விகளே முன்னோர்களுக்கு நாம் செய்யும் திவசம் என்று சொல்லி, இம்மட்டோடு முடித்துக்கொள்ளுகிறோம்.