பழி தொழிலாளி மீது: போபாலும் மக்கள் தொடர்புத் துறையும்

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



பெருநிறுவனங்களின் மக்கள் தொடர்புத் துறை என்றதும் பொருள் விற்கும் விளம்பரமே பலருக்கு நினைவுக்கு வருகிறது. அத்துறை வளர்ந்த வரலாற்றில் வேலைநிறுத்தங்களுக்கு உள்ள பங்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1914 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து லட்லோவில், வேலைநிறுத்தம் செய்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் கூடார முகாமை மாநிலப் படையும் நிறுவனத்தின் காவலர்களும் தாக்கித் தீயிட்டனர். ஒரு கூடாரத்தின் அடியில் வெட்டப்பட்டிருந்த குழிக்குள் 2 பெண்களும் 11 குழந்தைகளும் மூச்சுத் திணறி மாண்டனர். சுரங்க நிறுவனம் ராக்பெல்லர் குடும்பத்தின் பிடியில் இருந்தது. அக்குடும்பம் அமர்த்திய ஐவி லீ என்பவர், நிறுவனத்தின் தரப்பை "உண்மைகள்" என்ற பெயரில் துண்டறிக்கைகளாக அச்சிட்டு நாடெங்கும் அனுப்பினார். தொழிற்சங்கத் தலைவர்களின் ஓராண்டு ஊதியம் ஒன்பது வார ஊதியமாக அவற்றில் காட்டப்பட்டது. அரசு அமைத்த விசாரணை ஆணையத்தின் முன், நிறுவனம் கொடுத்த விவரங்களைச் சரிபார்க்கத் தாம் எம்முயற்சியும் எடுக்கவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். இன்றும் மக்கள் தொடர்புப் பாடநூல்கள் இவரை அத்துறையின் முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றுகின்றன!

எழுபது ஆண்டுகளுக்குப் பின் போபாலில் இதே வேலை வேறு வடிவில் நடந்தது.

1984 டிசம்பர் 2 நள்ளிரவு, யூனியன் கார்பைடு ஆலையின் 610ஆம் எண் தொட்டியிலிருந்து ஏறத்தாழ 40 டன் நச்சு வாயு வெளியேறியது. தொட்டிக்குள் தண்ணீர் புகுந்ததே உடனடிக் காரணம். ஆயின் தொட்டியைக் குளிர்நிலையில் வைக்கும் கருவி பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவைக் கழுவி நச்சு நீக்கும் கோபுரம் இயக்கத்தில் இல்லை. எஞ்சியதை எரிக்க வேண்டிய கோபுரத்தின் குழாய், அரித்துப் போனதால் கழற்றப்பட்டிருந்தது. செலவைக் குறைப்பதற்காக ஆட்களும் குறைக்கப்பட்டிருந்தனர். இம்முடிவுகளில் எதையும் தொழிலாளி எடுக்கவில்லை.

நிறுவனம் உலகுக்குச் சொன்ன கதையோ வேறு. மனக்கசப்புற்ற ஒரு தொழிலாளி வேண்டுமென்றே தொட்டியில் தண்ணீர்க் குழாயைப் பொருத்திவிட்டார் என்றது அது. நிறுவனம் அமர்த்திய ஆலோசகர்களின் ஆய்வு என்ற முத்திரையோடு 1988இல் இக்கதை லண்டன் மாநாடு ஒன்றில் வைக்கப்பட்டது. இன்றுவரை எந்த நீதிமன்றத்திலும் அது மெய்ப்பிக்கப்படவில்லை. 2010 ஜூன் 7 அன்று போபால் நீதிமன்றம் இந்திய நிர்வாகிகளைத் தண்டித்தது கவனக்குறைவுக்காகவே. அதுவும் இரண்டே ஆண்டுகள். ஒரு வாதத்துக்காகக் கதையை ஏற்றுக்கொண்டாலும், செயலிழந்த மூன்று பாதுகாப்பு அமைப்புகளுக்கு விடை எங்கே? சதி என்ற சொல் அந்தக் கேள்வியை மறைக்கவே பயன்பட்டது.

இதற்கு நேரெதிரான ஆவணமும் போபாலில் உண்டு. 1981 டிசம்பரில் பாஸ்ஜீன் வாயு தாக்கி ஆலைத் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். 1982இல் தொழிற்சங்கத்தினர், ஆயிரக்கணக்கான தொழிலாளர், பொதுமக்கள் உயிர் ஆபத்தில் உள்ளது என நகரில் சுவரொட்டி ஒட்டினர். அதே ஆண்டு ராஜ்குமார் கேஸ்வானி தம் சிறிய இந்தி வார ஏட்டில் அடுத்தடுத்து எச்சரிக்கை எழுதினார். விபத்துக்கு இரண்டாண்டு முன்னரே எழுதப்பட்டவை என்பதால், பிற்காலத்து எந்த விளம்பரச் செலவாலும் அவற்றை அழிக்க இயலவில்லை.

கார்பைடை 2001இல் வாங்கிய டௌ நிறுவனம், அந்த ஆலையைத் தான் ஒருபோதும் நடத்தவில்லை எனக் கூறி, 2012 லண்டன் ஒலிம்பிக்கின் புரவலராக வந்தது. இதனை எதிர்த்து, போட்டியின் நிலைத்தன்மையைக் கண்காணித்த குழுவிலிருந்து மெரிடித் அலெக்சாண்டர் விலகினார். போட்டி தொடங்கும் தறுவாயில், போபாலில் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் மாற்றுத்திறன் குழந்தைகள் தங்களுக்கெனத் தனி ஒலிம்பிக் நடத்தினர்.

இப்போது இந்த வேலை கைபேசித் திரைக்கு வந்துவிட்டது. செய்தி போலத் தோன்றும் பதிவுக்குப் பின்னால் பணம் இருக்கிறது. பணம் பெற்றுச் செய்யும் பதிவுகளை விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும் என 2021இல் இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் நெறிமுறை வகுத்தது; அது விளம்பரத் துறையே தனக்கு அமைத்துக்கொண்ட அமைப்பு என்பதை மறத்தலாகாது. அப்பதிவுகளை எழுதும் இளைஞர்களில் பலரும் இரவு பகல் பாராது உழைக்கும் கூலி உழைப்பாளிகளே. சினம் அவர்கள் மீது திரும்புவது நிறுவனத்துக்கே வசதி.

ரசாயனம், மருந்து, பட்டாசு ஆலைகளில் செயல்படும் கிளைத் தோழர்கள் ஒன்றை இன்றே தொடங்கலாம். பழுதான வால்வு, குறைக்கப்பட்ட ஆட்கள், நிறுத்தப்பட்ட எச்சரிக்கை மணி ஆகியவற்றை நாளிட்டு எழுத்தில் நிர்வாகத்துக்கும் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் கொடுத்து, ஒப்புகை பெற்று, ஒரு நகலை ஆலைக்கு வெளியே சங்க அலுவலகத்தில் வைக்க வேண்டும்.