வெண்பாவும் எந்திரமும்



செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைத் துணையாகக் கொண்டு கவிதை முதலியன படைத்தலைப் பற்றியும், மென்பொருள் ஆக்குதலைப் பற்றியும் உங்களிடம் பேசுமாறு வானொலி நிலையத்தார் என்னைப் பணித்தார்கள். நான் பொறியியல் கற்றவன் அல்லேன். ஆசிரியப் பயிற்சி பெற்று, முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழ் கற்பித்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். கணிப்பொறியின் உள்ளுறுப்புகளைப் பற்றி வினவினால் விழிப்பேன். ஆயினும் அத்தகைய கருவி ஒன்றைக் கொண்டு நானும் ஒரு கல்லூரி மாணவரும் ஒரு நிரலை ஆக்கினோம். அந்நிரலால் ஒரு சிறுமியின் பாட்டில் நல்லதொரு சொல்லைக் கெடுத்தோம். அந்தக் கதையைச் சொல்வதே இன்றைய பேச்சுக்குப் போதும் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலை வேளைகளில் ஆறேழு பிள்ளைகள் கூடுவார்கள். அவர்களுக்கு யாப்புச் சொல்லிக்கொடுப்பது என் ஓய்வுக்காலப் பொழுதுபோக்கு. ஆளுக்கொரு வெண்பா எழுதிக்கொண்டு வருவார்கள். ஒவ்வொன்றையும் விரல்விட்டு எண்ணி, அசை பிரித்து, தளை பார்த்துச் சொல்வதற்குள் விளக்கு வைக்கும் நேரம் வந்துவிடும். அடுத்த வீட்டில் ஒரு தம்பி இருக்கிறார். பொறியியற் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவர். ஒருநாள் அவர், “ஐயா, இந்த வேலையை ஒரு நிரல் நொடியில் செய்யுமே! விதிகளை நீங்கள் தமிழிலேயே சொல்லுங்கள், நிரலைக் கருவி எழுதிக் கொடுக்கும்” என்றார்.

நான் வியந்தேன். ஆனால் இந்த வியப்புப் புதியதன்று. முற்காலத்தில் கணிப்பொறிக்கு எண்களாலேயே ஆணையிட வேண்டியிருந்தது. 1952ஆம் ஆண்டில் கிரேஸ் ஹாப்பர் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர், சுருக்கக் குறிகளைக் கொடுத்தால் எந்திரத்துக்குரிய ஆணைகளைத் தானே தொகுத்துக்கொள்ளும் நிரல் ஒன்றை ஆக்கினார். 1957இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டனர்; கணக்கைத் தாளில் எழுதுவது போலவே ஏறத்தாழ எந்திரத்துக்கும் எழுதலாயிற்று. இன்றைய கருவிகளுக்கு அடித்தளமான ஆய்வுக் கட்டுரை 2017இல் வெளிவந்தது. 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி என்பதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அதன் பின்னர், அன்றாடம் பேசும் மொழியிலேயே எந்திரத்துக்கு ஆணையிடுவது வழக்கமாகிவிட்டது.

இங்கே ஒரு வேற்றுமையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹாப்பர் அம்மையாரின் வழிவந்த மொழிமாற்றும் நிரல்கள் விதிப்படி நடப்பவை. கொடுத்ததை மாற்றித் தரும். புரியாவிட்டால் ‘பிழை’ என்று நின்றுவிடும். புதிய கருவியோ மலைமலையாய் நூல்களையும் நிரல்களையும் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று பழகியது. அந்தப் பழக்கத்தால் ஊகித்து எழுதுகிறது. புரியாத இடத்திலும் அது நிற்பதில்லை. சரளமாக எழுதிக்கொண்டே போகும். வகுப்பில் அப்படிப்பட்ட மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். கேள்வி தெரியாவிட்டாலும் மூன்று பக்கம் எழுதிவிடுவார்கள். கையெழுத்தும் அழகாக இருக்கும்!

வேலையைத் தொடங்கினோம். முதலில் எழுத்துகளை எண்ணச் சொன்னோம். ‘தமிழ்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்து என்றால், ஐந்து என்றது கருவி எழுதிய நிரல். தம்பி காரணத்தை விளக்கினார். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் குறியெண் வகுத்த யூனிகோடு முறை 1991இல் வெளிவந்தது. அதில் அகரமேறிய மெய்களுக்கே தனிக் குறியெண் உண்டு. ‘மி’ என்பது ‘ம’ என்ற எண்ணும் இகரக் குறியின் எண்ணும் சேர்ந்த இரண்டு. ‘ழ்’ என்பது ‘ழ’வும் புள்ளியும் சேர்ந்த இரண்டு. ஆகவே மூன்றெழுத்துச் சொல் எந்திரத்துக்கு ஐந்தாகத் தோன்றுகிறது. “எங்கள் கணக்கில் புள்ளியும் குறியும் தனி எழுத்தாகா” என்று எழுதிக் கொடுத்தோம். உடனே திருத்தித் தந்தது.

அடுத்து அசை. குறில் தனித்தும் ஒற்றடுத்தும், நெடில் தனித்தும் ஒற்றடுத்தும் வருவது நேரசை. குறிலிணையும் குறில் நெடிலும் தனித்தும் ஒற்றடுத்தும் வருவது நிரையசை. பின்னர்ச் சீர், தளை, ஈற்றுச்சீர் விதிகள் யாவும் சொன்னேன். பயிற்சிக் கல்லூரியில் பாடக்குறிப்பு எழுதிய நாள்களுக்குப் பின் இவ்வளவு ஒழுங்காக ஒரு பொருளை நான் எடுத்துச் சொன்னதில்லை. நிரல் வந்தது. சீர் பிரித்து அச்சிட்ட திருக்குறளிலிருந்து முதல் அதிகாரத்தின் பத்துக் குறளையும் அதில் இட்டுப் பார்த்தோம். பத்தும் தேறின. தம்பி கைதட்டினார், நான் காப்பி வரவழைத்தேன்.

மறுவாரம், பதினோராம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமி வெண்பா ஒன்றைக் கொண்டுவந்தாள். அவளுடைய பாட்டி பேருந்து நிலையத்துக்கு அருகே இட்டிலிக் கடை வைத்திருக்கிறார். விடியுமுன் எழுந்து கொல்லையில் இலை அறுத்து, அடுப்பு மூட்டும் அந்த மூதாட்டியைப் பற்றிய பாட்டு அது. பள்ளி ஆண்டு மலருக்காக எழுதியிருந்தாள். நிரலில் இட்டோம். ‘வாழையிலை’ என்ற சீரின்மேல் சிவப்புக் கோடு விழுந்தது. ‘தேமாங்கனி, வெண்பாவில் வாராது’ என்று குறிப்பும் வந்தது.

“வாழையிலை வெண்பாவில் வரக்கூடாதா, ஐயா?” என்று கேட்டாள்.

“கனிச்சீர் வரக்கூடாது, அம்மா” என்றேன். விதி சரியே. ஆனால் அந்தச் சொல் கனிச்சீர்தானா என்று நான் பார்க்கவில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகள் எண்ணிய விரல்கள் மடியில் சும்மா இருந்தன.

சிறிது நேரம் யோசித்து, ‘தட்டினிலே’ என்று மாற்றினாள். பச்சை விளக்கு எரிந்தது. அவள் முகம் மட்டும் தெளியவில்லை. “பாட்டி கடையில் தட்டே கிடையாது, ஐயா. எல்லாம் இலைதான்” என்றாள்.

“யாப்புக்காகச் சற்று விட்டுக்கொடு” என்றேன். ஆசிரியனாக நான் சொன்ன சொற்களுள் இன்றும் என்னை உறுத்துவது அது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. அந்தச் சொல் வாயில் சுழன்றுகொண்டே இருந்தது. எழுந்து உட்கார்ந்து விரலை மடக்கினேன். வா, நேர். அடுத்து ‘ழை’. மொழிக்கு இடையிலும் கடையிலும் வரும் ஐகாரம் தன் அளவில் குறுகும். அலகிடும்போது குறில் போல நின்று அடுத்த குறிலோடு இணையும். ஆகவே ‘ழையி’ நிரை, ‘லை’ நேர். நேர் நிரை நேர்: கூவிளங்காய்! வெண்பாவுக்கு முற்றும் உரிய சீர். ‘தட்டினிலே’ என்பதும் அதே கூவிளங்காய்தான். ஒரு காய்ச்சீரை எடுத்துவிட்டு அதே வாய்பாட்டில் இன்னொன்றை வைப்பதற்காக அந்தப் பெண்ணின் பாட்டியினுடைய கடையில் இல்லாத தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டோம்.

பிழை எங்கே நேர்ந்தது? கருவிக்கு விதிகளைச் சொன்னபோது ஐகாரக் குறுக்கத்தை நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாததன்று, கைப்பழக்கத்தில் ஊறிப்போய்விட்டதால் அது தனி விதியென்றே தோன்றவில்லை. கருவி ‘ஐ’யை நெடிலாகக் கொண்டு, ‘ழை’யைத் தனி நேராக்கி, ‘யிலை’யை நிரையாக்கிவிட்டது. பத்துக் குறளும் ஏன் தேறின? மறுநாள் அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்தேன். ஐகாரம் பல இடங்களில் வருகிறது. ஆனால் ஓரிடத்திலேனும் அது ஓர் அசையைத் தொடங்கி அடுத்த எழுத்தோடு இணையவில்லை. குறிலென்று கொண்டாலும் நெடிலென்று கொண்டாலும் அப்பத்துக் குறளிலும் விடை ஒன்றே. எங்கள் தேர்வு, பிழை ஒளிந்திருந்த அறையின் கதவைத் தட்டவே இல்லை.

தம்பியை அழைத்துக் கருவியிடம் கூறினோம். அது பணிவோடு பிழையை ஒப்புக்கொண்டு நொடியில் திருத்திக் கொடுத்தது. ‘வாழையிலை’ தேறியது. இம்முறை எனக்கு ஐயம் வந்துவிட்டது. ‘வைகை’ என்று தட்டச்சு செய்யச் சொன்னேன். ‘நிரை’ என்று விடை வந்தது! வைகையைத் தேமா என்று அறியாதார் யார்? கருவி மொழிமுதல் ஐகாரத்தையும் குறுக்கிவிட்டது. இதில் ஒரு சுவை உண்டு. எழுத்திலக்கணத்தில், முதல், இடை, கடை ஆகிய மூவிடத்தும் ஐகாரம் குறுகும் என்று நன்னூலார் கூறுகிறார். அது மாத்திரைக் கணக்கு. அலகிடும்போது முதலில் நிற்கும் ஐகாரம் நெடிலாகவே நிற்கும். நன்னூலின்படி நடந்த திருத்தம், யாப்புக்குரிய இடத்தில் பொருந்தாமற் போயிற்று.

அதன் பிறகு முறையை மாற்றினோம். கருவியிடம் எதையும் கேட்குமுன், நாற்பது சொற்களை எடுத்து, ஒவ்வொன்றின் அசையையும் சீரையும் நானே கையால் எழுதிப் பட்டியல் செய்தேன். தேர்வுத்தாள் திருத்துமுன் விடைக்குறிப்பு எழுதுகிறோம் அல்லவா? அதுதான். ஐகாரத்துக்கு எட்டுச் சொல், குற்றியலுகரத்துக்கு எட்டு, ஆய்தத்துக்கு மூன்று, அளபெடைக்கு நான்கு என்று பிழை ஒளியக்கூடிய மூலைகளையெல்லாம் தேடினேன். இரண்டு இடங்களில் எனக்கே ஐயம் எழுந்து யாப்பருங்கலக்காரிகையின் உரையைப் புரட்ட நேர்ந்தது. நிரலில் எந்த மாற்றம் செய்தாலும் நாற்பதும் தேறினால்தான் ஏற்றுக்கொள்வோம். மென்பொருள் வல்லுநர்களும் இவ்வாறே சோதனைகளை முன்னதாக எழுதி வைப்பதுண்டு என்று தம்பி கூறினார். நிரல் எழுதக் கருவிக்கு ஆனது சில நொடிகள். விடைக்குறிப்பு எழுத எனக்கு ஆனது நான்கு நாள்கள்.

இனி, கருவியே பாட்டெழுதுமா என்று நீங்கள் கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். மழையைப் பற்றி ஒரு நேரிசை வெண்பா வேண்டினோம். இனிய சொற்கள் வந்தன; எதுகையும் இருந்தது. எங்கள் நிரலில் இட்டபோது மூன்று இடங்களில் தளை தட்டிற்று. ஈற்றடியும் நான்கு சீராக நீண்டிருந்தது. சுட்டிக்காட்டினோம், திருத்தியபோது வேறிடத்தில் தட்டிற்று. அக்கருவிகள் நம்மைப் போல எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை. சொற்களைத் துண்டுகளாக்கி, துண்டுக்கோர் எண் கொடுத்துப் படிக்கின்றன. குறிலும் நெடிலும் அத்துண்டுகளுக்குள் மறைந்துபோகின்றன. நாளை வரும் கருவி பிழையற்ற வெண்பா எழுதக்கூடும். எழுதினால் படித்து மகிழ்வேன். ஆனால் மேகத்துக்கு வேறு பெயர்கள் கேட்டபோது முகில், கொண்டல், எழிலி, மஞ்சு என்று நிகண்டு போல அடுக்கியது. இடையில் எந்த அகராதியிலும் இல்லாத சொல் ஒன்றையும் செருகியிருந்தது. தேடிப் பார்த்து அதனை நீக்கினோம்; மற்றவை பிள்ளைகளுக்குப் பயன்பட்டன.

1843ஆம் ஆண்டிலேயே ஒருவர் இதனைச் சிந்தித்திருக்கிறார். ஆங்கிலக் கவிஞர் பைரனின் மகள் ஏடா லவ்லேஸ். சார்லஸ் பாபேஜ் திட்டமிட்டு, கட்டி முடிக்காமலே விட்ட கணிப்பு எந்திரத்தைப் பற்றி அவர் குறிப்புகள் எழுதினார். ஒலிகளுக்கிடையே உள்ள உறவுகளை எந்திரத்துக்கு ஏற்றவாறு சொல்ல முடிந்தால், அது இசையும் அமைக்கக்கூடும் என்றார். அதே குறிப்புகளில், அவ்வெந்திரம் தானாக ஒன்றையும் தோற்றுவிப்பதாகப் பாராட்டிக்கொள்ள முடியாது, எப்படி ஆணையிடுவது என்று நாம் அறிந்ததையே அது செய்யும் என்றும் எழுதினார். பின்னைய கூற்று இன்றைய கருவிகளுக்கு முற்றும் பொருந்துமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நானறிந்த சிறு எல்லைக்குள் ஒன்றைச் சொல்வேன்: அந்த மூதாட்டியின் கடையில் தட்டு இல்லை என்பது கருவிக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அந்தச் சிறுமிக்குத் தெரிந்திருந்தது, அவள் சொன்னாள், நான்தான் கேட்கவில்லை.

மறுநாளே அவளை அழைத்து, “பிழை உன்னுடையதன்று, அம்மா, என்னுடையது” என்று சொன்னேன். ஆனால் பாட்டு அதற்குள் பள்ளிக்குப் போய்விட்டது. மலர் வெளிவந்தபோது ‘தட்டினிலே’ என்றே அச்சாகியிருந்தது.

சென்ற மாதம் பேருந்துக்குக் காத்திருந்த வேளையில் அந்தக் கடைக்குச் சென்றேன். அடுப்புக்கு எதிரே, புகை படாத சுவரில், மலரிலிருந்து கத்தரித்த அந்தப் பக்கத்தை ஒட்டியிருந்தார்கள். ‘தட்டினிலே’ என்பதை நீல மையால் அடித்துவிட்டு, மேலே ‘வாழையிலை’ என்று எழுதியிருந்தாள் அந்தப் பெண். பாட்டிக்கு எழுத்தறிவு இல்லை. “வாத்தியாரையா, பேத்தி என்னவோ திருத்தியிருக்கிறாளே, சரியாக இருக்கிறதா?” என்று என்னைக் கேட்டார்.

சுவரருகே போய், விரல்விட்டு எண்ணிப் பார்த்து, “சரியாக இருக்கிறது, அம்மா” என்றேன். பிறகு எனக்கு இலை போட்டார்.