கூட்டமாய் ஓட்டினால் கூச்சம் போகும்

விடியுமுன்பே சைக்கிளோடு வந்து நிற்கும் தம்பி தங்கைகளே!

இளைஞர் மனநலத்துக்கு நிதி திரட்ட, கீரனூர் வழியாகத் திருச்சிக்குக் கிளம்புகிறீர்கள். இதற்குப் புதுக்கோட்டையைவிடப் பொருத்தமான ஊர் உண்டா?

1990களின் தொடக்கம். ஷீலா ராணி சுங்கத் இங்கே மாவட்ட ஆட்சியர். அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். ‘முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம், இதுதான் வசதி’ என்றார்கள். கேலிக்கா பஞ்சம்? ஆனால் 1992 மகளிர் தினத்தையொட்டி 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டி, மணியடித்து இந்த வீதிகளில் வந்தார்கள். ஒருத்தி ஓட்டினால் வம்பு பேசும் ஊர், ஆயிரம் பேர் ஓட்டினால் ஒதுங்கி வழிவிடும்!

மனநலத்திலும் நம்மைத் தடுப்பது அந்த ஊர்வாய்தான். பிள்ளைக்கு மூன்று நாள் காய்ச்சல் என்றால் தெருவே விசாரிக்கும். மூன்று வாரமாகத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, யாரோடும் பேச்சில்லை என்றால்? ‘வெளியே சொல்லாதே, நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்?’ என்போம். பெரியவர்களிடம் காணும் மனநலக் கோளாறுகளில் பாதி, 18 வயதுக்குள்ளேயே தலைகாட்டிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த வயதுப் பிள்ளையைப் பார்த்துத்தான் ‘உனக்கென்னடா கவலை?’ என்கிறோம்.

பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதுதான் மன உறுதி என்று சொல்லி வளர்த்துவிட்டோம். ‘என்னால முடியலம்மா’ என்று வாய்திறக்கவும் உறுதி வேண்டும். அதைக் கேட்க ஆளும் வேண்டும். சென்னையில் சிநேகா அமைப்பு 1986 முதல் அந்த வேலையைச் செய்கிறது. தேர்வில் தோற்ற பிள்ளை ஓராண்டு காத்திராமல் உடனே துணைத்தேர்வு எழுதக் குரல் கொடுத்தவர்களில் அதன் நிறுவனர் டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் ஒருவர். 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண்ணும் இருக்கிறது: 14416. காசில்லை, நடுராத்திரியிலும் தமிழில் பேசலாம்.

தம்பி தங்கைகளே, வழியில் டீக்கடையில் ‘எதுக்குப்பா இந்த ஊர்வலம்?’ என்று கேட்பார்கள். ‘மனசு சரியில்லேன்னா மறைக்க வேண்டாம்னு சொல்லத்தான்’ என்று உரக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

பெற்றோரே, நன்கொடை கொடுத்தீர்கள், நன்றி. இன்று ராத்திரி இன்னொன்றும் கொடுங்கள்: அரைமணி நேரம். மார்க் விசாரணை வேண்டாம். பிள்ளை பேசட்டும், நடுவில் புத்தி சொல்லாதீர்கள்.

கொடி அசைக்கிறேன், புறப்படுங்கள்!