புள்ளிகள் மட்டும் போதுமா?

(பாடசாலைப் பரிசளிப்பு விழாவொன்றில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



பரிசு பெற்ற பிள்ளைகளைப் பாராட்டிவிட்டு அமர்வதே இத்தகைய விழாக்களின் வழக்கம். இன்று பரிசு பெறாத பிள்ளைகளுக்காகவும் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன்.

பத்து வயதுக் குழந்தை ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்காக விடியுமுன் எழுப்பப்படுகின்றது. பாடசாலை விட்டதும் ரியூசன் கொட்டில். இரவில் மாதிரி வினாத்தாள். உயர்தரப் பரீட்சை முடியும்வரை இவ்வோட்டம் ஓய்வதில்லை. இத்தனைக்கும் பின்னர் அப்பிள்ளையைச் சபையில் எழுந்து பேசச் சொன்னால் நா எழவில்லை. நால்வரோடு சேர்ந்து ஒரு காரியம் செய்யச் சொன்னால் மனம் இணங்கவில்லை. ஒருமுறை தோற்றாலோ, உலகமே இருண்டதென எண்ணுகின்றது. குற்றம் பிள்ளையினுடையதா? அன்று! தனியே ஓடப் பழக்கியவர்கள் நாமே.

கூட்டுழைப்பு எமது மண்ணுக்குப் புதிய பாடமன்று. நீர் இறைக்கும் இயந்திரம் வருமுன், துலாவில் ஏறி ஒருவர் மிதித்தார். பட்டையைப் பிடித்து ஒருவர் இறைத்தார். பாத்திகளுக்கு ஒருவர் தண்ணீர் மாறினார். ஒருவர் தவறினாலும் பயிர் வாடும் என்பதை மூவரும் அறிந்திருந்தனர்.

பேச்சுத் திறனும் பிறவிக் கொடையன்று, பழக்கத்தின் பயன். 1924 ஆம் ஆண்டில் ஹன்டி பேரின்பநாயகம் போன்ற இளைஞர்கள் முன்னின்று யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரசைத் தோற்றுவித்தனர். கூடினர், விவாதித்தனர், தீர்மானித்தனர். 1927 இல் காந்தியடிகளுக்கு அழைப்பு விடுத்து யாழ்ப்பாணத்தில் வரவேற்றவர்களும் அவர்களே. பரீட்சைத் தாளில் மட்டும் அத்திறன் விளைந்திருக்குமா?

இனி, மனவழுத்தம். 1908 இல் யேர்க்ஸ், டொட்சன் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் எலிகளைக் கொண்டு ஆராய்ந்தனர். கடினமான பயிற்சியில், மிதமான தூண்டல் கற்றலை விரைவுபடுத்தியது. அளவு மிஞ்சியபோதோ கற்றல் பின்தங்கியது. கமக்காரருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பயிருக்கு நீர் வேண்டும், வெள்ளம் வேண்டாம்.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு பாடவேளையை மாணவர் மன்றத்துக்கு ஒதுக்குங்கள். தலைவர், செயலாளர் பதவிகள் முறைமாறி எல்லோருக்கும் கிடைக்கட்டும். தவணைக்கு ஒருமுறையேனும் ஒவ்வொரு பிள்ளையும் மூன்று நிமிடம் பேசட்டும். தடுமாறுபவரைப் பார்த்து நகைக்க எவருக்கும் இடங்கொடாதீர்கள்.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் உறக்கத்தையும் மாலை விளையாட்டையும் பறிக்காதீர்கள். பெறுபேறு வெளியாகும் நாளில், "எத்தனை புள்ளி?" என்று கேட்குமுன், "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள்.

மாணவர்களே! மனச்சுமை தாங்கவொண்ணாதபோது பெற்றோரிடமோ, ஆசிரியரிடமோ, வைத்தியரிடமோ வாய் திறந்து சொல்லுங்கள். அது கோழைத்தனமன்று, துணிவு.

தனித்து வெல்லும் பிள்ளையால் ஒரு வீடு உயரலாம். சேர்ந்து உழைக்கவும், அஞ்சாது பேசவும், தோல்வியிலிருந்து எழவும் கற்ற பிள்ளைகளாலேயே ஊர் உயரும்.