தறியில்லாத சால்வை

துணி என்றதும் நம் நினைவுக்கு வருவது தறி. பாவும் ஊடையுமாக நூல்கள் ஒன்றையொன்று தாண்டிச் செல்லத் துணி உருவாகிறது. நூலும் தறியும் ஊசியும் இன்றி ஒரு சால்வையைச் செய்துவிடலாம் என்று யாரேனும் சொன்னால் நம்பச் சற்றுத் தயங்குவோம். ஆயினும் அத்தகைய சால்வை ஒன்றை நான் கையாலேயே செய்யக் கற்றேன். மாணவ நண்பர்களே, அதைப் பற்றித்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

புல்வெளியில் நடக்கும்போது வேட்டியிலும் பாவாடையிலும் ஏறிக்கொள்ளும் ஊசிப்புல்லை நீங்கள் அறிவீர்கள். நடக்க நடக்க அது உள்ளே போகுமேயன்றி வெளியே வருவதில்லை. ஆட்டுமயிரின் இயல்பும் ஏறக்குறைய இதுவே. உருப்பெருக்கியில் பார்த்தால் அதன் மேற்புறம் முழுவதும் நுண்ணிய செதில்கள் தெரியும். கூரை ஓடுகளைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாக, நுனியை நோக்கி அவை படிந்திருக்கும். ஆகவே ஈரக் கம்பளியைக் கசக்கும்போது ஒவ்வொரு மயிரும் தன் வேர்ப்பக்கமாகவே நகர்கிறது. வந்த வழியே திரும்ப முயன்றால் செதில்கள் தடுத்துவிடுகின்றன. வெந்நீர் மயிரை உப்பச் செய்கிறது. சோப்பு அது வழுக்கிச் செல்ல உதவுகிறது. இப்படி ஆயிரக்கணக்கான மயிர்கள் பின்னிப் பிணைந்து, சுருங்கி, கெட்டியான துணியாகிவிடுகின்றன. அதற்கு ஃபெல்ட் என்று பெயர். பெரியவருடைய கம்பளிச் சட்டை வெந்நீரில் விழுந்து குழந்தையின் சட்டையாக வெளிவருவதும் இதே காரணத்தால்தான். அங்கே விபத்து, இங்கே தொழில்.

தொழில் மிகப் பழமையானது. சைபீரியாவின் அல்தாய் மலைப் பகுதியில் பசிரிக் என்ற இடத்துப் புதைமேடுகளை 1947 முதல் 1949 வரை ருடென்கோ என்ற சோவியத் அறிஞர் அகழ்ந்தார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பனியில் உறைந்து கெடாமல் கிடந்த ஃபெல்ட் பொருள்கள் அங்கே கிடைத்தன. ஃபெல்ட்டால் செய்த அன்னப் பறவைகள்கூட அவற்றுள் உண்டு. மங்கோலியரின் வட்டக் கூடாரமும் காஷ்மீரத்து நம்தா விரிப்பும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. ஆனால் விரிப்புக்கு ஏற்ற கனம் தோளுக்கு ஏற்றதன்று. 1990-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் பாலி ஸ்டெர்லிங் என்ற கலைஞர், மெல்லிய துணியின் மீது மிகக் குறைந்த கம்பளியைப் பரப்பி இரண்டையும் ஒன்றாக்கும் முறையை உருவாக்கினார். அதற்கு நுனோ ஃபெல்ட் என்று பெயர் வந்தது. ‘நுனோ’ என்பது ஜப்பானிய மொழியில் துணியைக் குறிக்கும் சொல்.

எனக்கு இம்முறை தேவைப்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. என் தாயார் எண்பது வயதைக் கடந்தவர். குளிர் தாங்கமாட்டார், கனத்த சால்வையைத் தோள்வலி தாங்கவிடாது. அவரிடம் பழைய பட்டு ஷிஃபான் சேலை ஒன்று இருந்தது. மாந்தளிர் நிறம்; இரண்டு இடங்களில் நைந்திருந்தது. என் தந்தையார் வாங்கித் தந்த சேலை. “பெட்டியில் கிடந்து என்ன பயன்? வெட்டிக்கொள்” என்று அவரே எடுத்துக் கொடுத்தார். சொல்வது அவருக்கு எளிதாக இருந்தது; கத்தரிக்கோல் பிடிப்பது எனக்கு எளிதாக இல்லை. தவறிப்போன தையலைப் பிரித்துவிடலாம். ஃபெல்ட்டைப் பிரிக்க இயலாது. வேறு சேலையும் இல்லை.

நீலகிரியில் வசித்த ஓர் அம்மையார் எனக்குக் கற்பித்தார். அவர் முதலில் சேலையை வாயருகே பிடித்து ஊதினார். மறுபுறம் வைத்த கையில் மூச்சுக்காற்று பட்டது. “காற்றுப் போகிற வழியில் கம்பளியும் போகும்” என்றார். இதைவிட எளிய சோதனை வேறு இருக்க முடியாது.

எட்டடி நீளமும் மூன்றடி அகலமுமாக ஒரு துண்டை விரித்தோம். மெரினோ ஆட்டின் கம்பளி 80 கிராம். அதைப் பஞ்சு பிரிப்பதுபோல மெல்லிய இழைகளாகப் பிரித்து, கீழே உள்ள நிறம் தெரியும்படி பரப்ப வேண்டும். அதற்கே ஒரு காலைப் பொழுது சென்றது. பிறகு மேலே ஒரு கொசுவலைத் துண்டைப் போர்த்தி, சோப்பு கலந்த தண்ணீரைத் தெளித்தோம். வெந்நீர் கொண்டுவர எழுந்த என்னை அம்மையார் தடுத்தார். தொடக்கத்திலேயே வெந்நீர் பட்டால் கம்பளி தன்னோடு தானே பிணைந்துகொள்ளும். துணிக்குள் நுழையாமல் மேலேயே ஓர் ஏடுபோல் நின்றுவிடும். ஆகவே முதலில் குளிர்ந்த நீர், மெதுவான கை. நுனோ முறையில் கற்க வேண்டியவற்றுள் பாதி இந்தப் பொறுமைதான் என்பது என் கருத்து.

மூங்கில் பாயில் சுருட்டி, முன்னும் பின்னுமாக இருநூறு முறை உருட்டுவது. பிரித்து, திசையை மாற்றி, மீண்டும் இருநூறு முறை. தோள் நோகும், கண்ணுக்கு ஒரு மாறுதலும் தெரியாது. மூன்றாம் முறை பிரித்தபோது அம்மையார் துணியைப் புரட்டி என் விரல்களை அதன்மேல் வைத்தார். பட்டின் மறுபுறத்தில் பூனைமயிர் போன்ற ஒரு மென்மை! கம்பளி ஊடுருவிவிட்டது. அதன் பிறகே வெந்நீர். அதன் பிறகே சுருட்டிப் பந்தாக்கி மேசைமேல் ஓங்கி எறிவது. கம்பளி சுருங்கும்; பட்டுக்குச் சுருங்கத் தெரியாது. ஆகவே தன்னைப் பற்றிய கம்பளியோடு இழுபட்டு, காற்றடிக்கும் குளத்து நீர்போல் நெளிநெளியாக மடிந்துகொள்ளும். நைந்த இடங்கள் அந்த நெளிவுகளுக்குள் மறைந்துபோயின. எட்டடி ஐந்தேகால் அடியாயிற்று, மூன்றடி இரண்டடியாயிற்று. உலர்ந்தபின் நிறுத்துப் பார்த்தேன். 150 கிராமுக்குச் சற்று மேல்.

கழுத்தில் மென்மையாகப் பட வேண்டும் என்று எண்ணி, பட்டுப் பக்கம் உள்ளே இருக்குமாறு தாயாருக்குப் போர்த்திவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எடுத்துத் திருப்பி, மாந்தளிர் நிறம் வெளியே தெரியும்படி போர்த்திக்கொண்டார். இன்றுவரை அப்படியே போர்த்துகிறார். துவைக்கும் வேலை மட்டும் என்னுடையது. குளிர்ந்த நீரில் நனைத்து, கசக்காமல், நிழலில் உலர்த்துகிறேன்.